நீல அம்புக்குறி எங்கே போகிறது?

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டருகே, வயலோரக் கம்பத்தில் நீல அம்புக்குறி பார்த்தேன். குதிரைப் பாதையாம். பிறகு ஏன் சிலர் கார்களுக்கு நடுவே குதிரையில் போகிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: மஞ்சள் அம்பு நடப்பவருக்கு மட்டும், நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆனால் அங்குள்ள பொதுப் பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் குதிரைக்கு உரிமை. அதுவும் துண்டு துண்டாக. ஒரு நீலப் பாதை தார்ச்சாலையில் வந்து முடியும். அடுத்தது அரை மைல் தள்ளித் தொடங்கும். ஆபத்து அந்த அரை மைலில்தான். குதிரையைக் கடக்கும் கார் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல் 2 மீட்டராவது விலக வேண்டும் என்கிறது 2022இல் திருத்திய சாலை விதி. நல்ல விதிதான், மிரண்ட குதிரை அதைப் படித்திருக்காதே!

என் ஓட்டு, அந்த அரை மைலுக்குச் சாலையோர வயல்வேலியின் உட்புறம் இரு நீலப் பாதைகளையும் சேர்க்கும் ஓர் இணைப்புப் பாதைக்கு. நிலக்காரர் சம்மதித்தால் 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி உள்ளாட்சியுடன் ஒப்பந்தம் போடலாம். வாயிற்கதவின் தாழ்ப்பாள் மட்டும் சேணத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரே முறை குதிரை ஏறிய என்னை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.