மெடிக்கல் எய்ட் கார்டு இருக்கிறது, பிறகு ஏன் பில் வந்தது?

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் கோயில் பணிக்கும் புதிதாக வந்த நம் ஆட்கள் ஆஸ்பத்திரிச் செலவு பற்றி அனுப்பிய கேள்விகளில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் எல்லாவற்றுக்கும் 'இன்சூரன்ஸ்' என்று ஒரே பெயர். இங்கே அப்படி இல்லை. 1998-ஆம் வருட மெடிக்கல் ஸ்கீம்கள் சட்டத்தின் கீழ் பதிவான மெடிக்கல் எய்ட் ஒன்று (ஸ்கீம் என்று சொல்வதும் இதைத்தான்). இன்சூரன்ஸ் கம்பெனிகள் விற்கும் ஆஸ்பத்திரி கேஷ் பிளான் இன்னொன்று. பயணக் காப்பீடு மூன்றாவது. கையில் இருக்கும் காகிதம் இதில் எது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அக்கா, மிட்ராண்டில் ஐ.டி. வேலை. கம்பெனி மெடிக்கல் எய்ட் தரவில்லை, சம்பளத்தோடு ஒரு தொகை கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு 49 வயது, வருகிற மார்ச்சில் 50. இரண்டு வருடமாக பி.பி. மாத்திரை. சென்னையில் 15 வருடம் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன், அது இங்கே கணக்கில் வருமா? ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 3,000 ரேண்ட் தரும் ஒரு மலிவான பிளானையும் ஏஜென்ட் காட்டுகிறார்.

பதில்: முதலில் அந்த மலிவான பிளான். அது மெடிக்கல் எய்ட் இல்லை. நீங்கள் படுக்கையில் இருக்கும் நாளைக் கணக்குப் போட்டு உங்கள் கையில் காசு கொடுக்கும் பாலிசி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் ஒரு நாள் இருந்தால் 3,000 ரேண்ட் எந்த மூலைக்கு? மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர் கூடுதலாக எடுத்தால் சரி. அதற்குப் பதிலாக எடுக்கவே எடுக்காதீர்கள்.

சென்னையில் கட்டிய 15 வருடம் இங்கே சேராது. வருத்தமான விஷயம்தான், ஆனால் சட்டம் கணக்கில் எடுப்பது இந்த நாட்டு மெடிக்கல் ஸ்கீமில் இருந்த காலத்தைத்தான். இதனால் உங்களுக்கு 'லேட் ஜாயினர் பெனால்ட்டி' வரும். 35 வயதுக்குப் பிறகு முதல் முறையாகச் சேருபவரின் சந்தாவில் ஸ்கீம் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் வயதிலிருந்து 35-ஐயும், இங்கே ஏற்கெனவே உறுப்பினராக இருந்த வருடங்களையும் கழியுங்கள். மீதி 1 முதல் 4 வருடம் என்றால் 5 சதவீதம், 5 முதல் 14 என்றால் 25, 15 முதல் 24 என்றால் 50, 25-ம் அதற்கு மேலும் என்றால் 75.

இப்போது உங்கள் வயதைப் போட்டுப் பாருங்கள். இன்று 49, மீதி 14. பெனால்ட்டி 25 சதவீதம். மார்ச்சில் 50, மீதி 15. பெனால்ட்டி 50 சதவீதம். கணக்குக்காக மாதச் சந்தா 3,000 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் இப்போது சேர்ந்தால் 3,750, பிறந்தநாள் தாண்டினால் 4,500. மாதம் 750 ரேண்ட் வித்தியாசம், அதுவும் ஆயுள் முழுக்க. ஸ்கீம் மாறினாலும் கூடவே வரும். அதனால் 'பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். உங்கள் மனைவிக்கும் 35 தாண்டியிருந்தால் அவர் வயதுக்குத் தனிக் கணக்கு. சந்தாவில் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் போகும் பகுதிக்கு மட்டும் பெனால்ட்டி கிடையாது.

அப்புறம் காத்திருப்புக் காலம். எல்லாவற்றுக்கும் பொதுவாக 3 மாதம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை ஸ்கீம் விதிக்கலாம். இதுவரை இங்கே எந்த ஸ்கீமிலும் இல்லாததால் உங்களுக்கு இரண்டும் வரலாம். அந்தச் சமயத்தில், எல்லா பிளானும் தந்தாக வேண்டிய கட்டாயப் பலன்களைக்கூட மறுக்க இடமுண்டு. ஆனால் உங்களைச் சேர்க்கவே மாட்டோம் என்று எந்தத் திறந்த ஸ்கீமும் (யார் வேண்டுமானாலும் சேரக்கூடியது) சொல்ல முடியாது. பி.பி. இருக்கிறது என்பதற்காகச் சந்தாவைக் கூட்டவும் முடியாது. அதனால் பி.பி.யை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. விண்ணப்பத்தில் கேட்டதை மறைத்தால்தான் பின்னால் உறுப்பினர் பதவியையே ரத்து செய்ய ஸ்கீமுக்கு உரிமை வந்துவிடும். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஏஜென்ட், மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். அவருக்கு ஸ்கீமே கமிஷன் கொடுக்கிறது. கடைசியாக, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் போகச் சொல்லும் நெட்வொர்க் பிளான் மலிவு, தப்பில்லை. வாட்டர்ஃபால் சிட்டி, கார்ஸ்டன்ஹாஃப் என்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று மட்டும் கையெழுத்துக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா அம்மா மூன்று மாதம் வந்து இருக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என் மெடிக்கல் எய்டில் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்ப்பதில் பயனில்லை. பொதுக் காத்திருப்பே 3 மாதம், அவர்கள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். பயணக் காப்பீடுதான் வழி, அதையும் விமானம் ஏறுவதற்கு முன்னால் இந்தியாவிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

பாலிசியில் பெரிய எழுத்தில் இருக்கும் டாலர் தொகையைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகள் அதை முழுக்க விலக்கிவிடும், சில உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் ஒரு சின்ன வரம்பு வைக்கும். ஸ்டென்ட் உள்ளவருக்கு நெஞ்சு வலி வந்தால் எந்த வரம்பு என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே தனியார் ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டுப் பாலிசியைப் பார்த்ததும் முன்பணம் கேட்பது வழக்கம். காப்பீட்டுக் கம்பெனியின் 24 மணி நேர உதவி எண்ணுக்கு உடனே போன் போட்டு, பணம் தருவோம் என்ற உறுதிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பாஸ்போர்ட்டிலேயே ஒட்டி வையுங்கள். அவசரம் என்றால் காசு இல்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் விரட்ட முடியாது. அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு அதைச் சொல்கிறது, குடிமகனுக்கு மட்டும் என்று இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து நீங்கியதும் தனியார் ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம். வருகை விசாவில் வந்தவரிடம் அங்கேயும் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டு வரட்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும். ஊர் பிராண்டின் பெயரைச் சொன்னால் இங்கே ஃபார்மசியில் விழிப்பார்கள்.

கேள்வி: மனைவி ஐந்து மாதக் கர்ப்பமாகத் திருச்சியிலிருந்து பீனிக்ஸ் வந்திருக்கிறாள். இன்னும் எதிலும் சேர்க்கவில்லை. இப்போது சேர்த்தால் பிரசவச் செலவு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போதே இருக்கும் கர்ப்பத்துக்கு 12 மாத விலக்கு போடுவார்கள்.

அவசரப்பட்டு ஸ்கீமில் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். 2003-ஆம் வருடத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, மெடிக்கல் எய்டில் இல்லாத கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் இலவசம். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும் என்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவு போட்டது. மெடிக்கல் எய்டில் பெயர் ஏறிவிட்டால் சட்டம் சொல்லும் அந்த இலவசத்துக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். ஸ்கீமும் தராது, அரசும் தராது, இரண்டும் கெட்டானாக நிற்க வேண்டாம்.

வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, ஊர் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். பீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது, கிளினிக்கிலிருந்து எங்கே அனுப்புகிறார்கள் என்று அங்கேயே கேட்டு வையுங்கள். கூட்டம் அதிகம், விடியற்காலையில் போய் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தனியார்தான் வேண்டும் என்றால் கைக்காசுதான். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியன் என்றால் எவ்வளவு, குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்றாவதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அம்லாங்காவில் இருக்கிறோம். மகனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். மெடிக்கல் எய்ட் ஒப்புதல் எண் கொடுத்தது, ஆஸ்பத்திரி பில் முழுக்க அடைந்தது. ஒரு மாதம் கழித்து மயக்க மருந்து டாக்டரிடமிருந்து தனியாக ஒரு பில். ஸ்கீம் பாதிதான் கொடுத்ததாம், மீதியை நாங்கள் கட்ட வேண்டுமாம். இது நியாயமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் பில்லில் 'ஐ.சி.டி. 10' என்று நோயின் கோடு போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இதே அப்பெண்டிக்ஸ், ராத்திரி 11 மணிக்கு வலி. அவர் வீட்டுக்கு வந்த பிறகு மின்னஞ்சலில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பில் வந்தது. ஆஸ்பத்திரி, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன், லேப். ஊரில் ஒரே பில்லாகக் கட்டிப் பழகிய எனக்குத் தலை சுற்றியது. இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் ஊழியர்கள் இல்லை, ஆளுக்கு ஆள் தனித் தொழில். ஸ்கீம் தன் ரேட்டில் 100 சதவீதம் தரும் என்றால் டாக்டர் அதற்கு இரண்டு மூன்று மடங்கு போட்டிருப்பார். மீதி நம் தலையில்.

சமையல் மேஜையில் ஐந்தையும் விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சர்ஜன் பில்லில் கே 35. மயக்க மருந்து பில்லில் ஆர் 10. கே 35 என்றால் தீவிர அப்பெண்டிக்ஸ் வீக்கம், ஆர் 10 என்றால் வெறும் வயிற்று வலி. ஒரே ஆள், ஒரே ஆபரேஷன், இரண்டு நோய்!

அப்பெண்டிக்ஸ் கட்டாயப் பலன் பட்டியலில் இருக்கிறது. கவுன்டரில் இதை பி.எம்.பி. என்பார்கள். சுமார் 270 நோய்களும், நீடித்த நோய்கள் 26-ம், எல்லா அவசர நிலைகளும் அதில் அடக்கம். எவ்வளவு மலிவான பிளானாக இருந்தாலும் இவற்றுக்கு ஸ்கீம் முழுச் செலவையும் கொடுக்க வேண்டும். ஸ்கீம் குறித்துவைத்த டாக்டரிடம் போக வேண்டும் என்பது நிபந்தனை. அவசரத்தில் அது முடியாமல் போனால் வேறு டாக்டரின் பில்லையும் முழுக்கத் தர வேண்டும். ராத்திரி 11 மணிக்கு மயக்க மருந்து டாக்டரை நாமா தேர்ந்தெடுத்தோம்? வயிற்று வலி என்ற கோடு போனதால் ஸ்கீமின் கம்ப்யூட்டர் சாதாரண ரேட்டில் கொடுத்து முடித்துவிட்டது. டாக்டர் அலுவலகத்தில் கேட்டேன், மறுநாளே திருத்தி அனுப்பினார்கள். 'இது பி.எம்.பி., அவசர நிலை, முழுமையாகத் தர வேண்டும்' என்று ஸ்கீமுக்கு நான்கு வரி எழுதினேன். மூன்று வாரத்தில் முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு நான்காவது மாதக் கடைசிக்குள் பில் ஸ்கீமுக்குப் போயிருக்க வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் பேசியவர் பெயரையும் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். ஸ்கீம் மறுத்தால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கோடு சரியாக இருந்தும் பி.எம்.பி. பட்டியலில் இல்லாத ஆபரேஷன் என்றால் மீதி நம்முடையதுதான். அதற்குத்தான் 'கேப் கவர்' என்று தனியாக விற்கிறார்கள். மெடிக்கல் எய்ட் உள்ளவர் மட்டும் எடுக்க முடியும். என் அபிப்பிராயத்தில் ஹாஸ்பிட்டல் பிளான் (முக்கியமாக ஆஸ்பத்திரிச் செலவைத் தரும் மெடிக்கல் எய்ட், கேஷ் பிளான் இல்லை) வைத்திருக்கும் குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

கேள்வி: கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை. கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. உனக்கு மெடிக்கல் எய்ட் இல்லையே, நீயே பார்த்துக்கொள் என்கிறார்கள்.

பதில்: அண்ணா, வேலை செய்யும்போது பட்ட காயத்துக்கு மெடிக்கல் எய்டே தேவையில்லை. 1993-ஆம் வருடத் தொழில் காயங்கள் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆள் என்றால் போதும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அது பார்ப்பதில்லை. விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி அரசின் இழப்பீட்டு நிதியான காம்பன்சேஷன் ஃபண்டுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத முதல் மூன்று மாதம் சம்பளத்தில் 75 சதவீதத்தை முதலாளி கொடுக்க வேண்டும், பிறகு ஃபண்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். மருத்துவச் செலவும் ஃபண்டுடையதுதான்.

முதல் நாளே டாக்டரிடம் 'வேலை செய்யும் இடத்தில் நடந்தது' என்று சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். நிர்வாகத்துக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தெரிவித்து, கையைப் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காக்களுக்கும் இது உண்டு, 2020 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்களையும் சேர்த்துவிட்டது.

கேள்வி: என்.எச்.ஐ. என்ற தேசிய சுகாதாரக் காப்பீடு வரப்போகிறதே, மெடிக்கல் எய்டை இப்போதே நிறுத்திவிட்டால் மிச்சம்தானே?

பதில்: நிறுத்தாதீர்கள். தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே 15-ஆம் தேதி அதிபர் கையெழுத்துப் போட்டார், ஆனால் கையெழுத்து வேறு, ஆஸ்பத்திரியில் கார்டு செல்லுபடியாவது வேறு. அந்தச் சட்டம் முதலில் பெயர் சொல்வது குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களையும் அகதிகளையும். வேலை விசாக்காரர் அமைச்சர் தனியாக அறிவிக்கும் பிரிவில் வந்தால்தான் உண்டு. 90 நாளுக்கு மேல் மெடிக்கல் எய்ட் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் முன்னே சொன்ன 3 மாத, 12 மாதக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து வரலாம். சந்தா கட்டுப்படியாகவில்லை என்றால் அதே ஸ்கீமில் மலிவான பிளானுக்கு இறங்குங்கள். பெரும்பாலும் ஜனவரி முதல்தான் மாற்ற விடுவார்கள், படிவம் வருட முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும்.