கூடப் பிறந்தவள் சாட்சி சொன்னால் செல்லாதா?

கேள்வி: என் தம்பியைக் குத்திக் கொன்றவர்களைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தேன். நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் அவனுடைய அக்கா என்பதாலும், கத்தி யார் கையில் இருந்தது என்பதைப் போலீசிடம் முதலிலேயே சொல்லவில்லை என்பதாலும் அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் மறுபடி சாட்சி சொல்லலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மறுபடி கூண்டில் ஏறும் வாய்ப்பு மிக அரிது, சகோதரி. பதிவான உங்கள் சாட்சியத்தைத்தான் உயர் நீதிபதிகள் படிப்பார்கள். உங்களை நேரில் பார்த்துக் கேட்டவர் கீழ் நீதிபதி. அதனால் அவர் கணிப்பை எளிதில் தள்ளக்கூடாது என்று 1934-லேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் நம் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்தது) சொல்லிவிட்டது. நம் கர்நாடகத்தின் சந்திரப்பா வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நியாயமான இரண்டு முடிவுகளுக்கு இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக்கூடாது.

ஆகவே, உங்களை நம்பாததற்குக் கீழ் நீதிபதி எழுதிய காரணம் நிற்குமா என்பதே கேள்வி. அக்கா என்பதாலேயே பொய் சொல்வாள் என்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிடுவது அரிது என்று உச்ச நீதிமன்றம் தலீப் சிங் வழக்கில் 1953-லேயே கூறியது. முன்பகை இருந்தால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. ஒரே சாட்சி என்பதும் தடையல்ல. 1957-ல் வடிவேலு தேவர் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தை வைத்தே தண்டனை உறுதியானது.

கத்தி விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. சட்டையின் நிறத்தை மறந்திருந்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். குத்தியது யார் என்பது வழக்கின் உயிர்நாடி. அதைப் போலீசிடம் சொல்லாமல் கோர்ட்டில் சொன்னால் சந்தேகம் எழத்தான் செய்யும். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் சாட்சியம் உங்கள் சொல்லோடு பொருந்துகிறதா, அதைக் கீழ் நீதிபதி கவனிக்காமல் விட்டாரா என்று பார்க்கவேண்டும். விட்டிருந்தால் வலுவான வாதம் கிடைக்கும்.

அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாதிக்கப்பட்ட தரப்பே செய்யலாம்; அதற்கு முன் அனுமதி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாயார் இருந்தால், வாரிசு என்ற முறையில் அவர் பெயரில் தாக்கல் செய்வது பாதுகாப்பானது. தீர்ப்பு, உங்கள் சாட்சியம், மருத்துவரின் சாட்சியம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு உடனே மனுப் போடுங்கள். அவை கன்னடத்தில் இருந்தால், நன்றாகப் படிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்து வரிவரியாகக் கேட்டுவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.