இளம் செஸ் வீரர்கள்: பயிற்சி, ரேட்டிங், பணம் – கேள்வி பதில்

மகளுக்குப் பத்து வயது, ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1650. தனிப் பயிற்சியாளரா, வெளிநாட்டுப் போட்டியா? இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது சார்.

பயிற்சியாளர்தாம்மா. இந்த ரேட்டிங்கில் தோல்விகள் பெரும்பாலும் கண்ணெதிரே இருந்த காய் வெட்டைக் கவனிக்காததாலும், கடைசிக் கட்ட ஆட்டமான எண்ட்கேம் தெரியாததாலும் வருபவை. அதற்கு விமான டிக்கெட் எதற்கு? மகள் ஆடிய ஆட்டங்களை உட்கார்ந்து அலசுகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள் அடங்கிய ஓப்பனிங் ஃபைல்களை அனுப்பிவிட்டுப் பணம் கேட்பவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வயது 15, ரேட்டிங் 2180. உள்ளூர் போட்டிகளில் தொடர்ந்து முதலிடம் வருகிறேன். ஆனால் ரேட்டிங் நகரவே மாட்டேன் என்கிறது.

கணக்குப் போட்டுப் பார் தம்பி. 18 வயதுக்குக் கீழே, 2300-ஐத் தொடாதவரை உன் கே மதிப்பு, அதாவது ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதை முடிவு செய்யும் எண், 40. உன்னைவிட 400 புள்ளி குறைந்தவரை வென்றால் கிடைப்பது 3.2, டிரா ஆனால் போவது 16.8. ஐந்து பேரை வென்று ஆறாவது ஆளிடம் டிரா செய்தாலே நஷ்டம். இதுவே 200 புள்ளி கூடுதலான ஒருவரிடம் டிரா செய்தால் 10.4 ஏறும். கோப்பை வேண்டுமா, ஆட்டம் வளர வேண்டுமா? ரேட்டிங் வரிசையில் நீ பத்தாவது, இருபதாவது ஆளாக இருக்கும் போட்டிகளைத் தேடு.

நான் ஒரு செஸ் சங்கத்தின் பொருளாளர். ஆண்டு நிதியை முன்னணியில் உள்ள இரண்டே பேருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சரிதானா?

எனக்கு உடன்பாடில்லை. நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட்டில் 2022-ல் தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் அணியைப் பாருங்கள். அந்த அணியில் ஆடிய அப்துசத்தோரோவுக்கு அப்போது 17 வயது, சிந்தரோவுக்கு 16. ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு மேலே வந்த கூட்டம் அது. தனியாக வளர்க்கப்படும் பிள்ளைக்கு வாராவாரம் மோத ஆள் இருக்காது. அந்த இருவரில் ஒருவர் விலகிவிட்டாலே உங்கள் முதலீட்டில் பாதி போய்விடும்.

என்னிடம் கேட்டால், அந்தப் பணத்தில் பாதியை எடுத்து உள்ளூரிலேயே ஒரு நார்ம் (கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டத்துக்குத் தேவையான தகுதி) போட்டி நடத்துங்கள் என்பேன். பத்துப் பேர், ஒன்பது சுற்று, எல்லோரும் எல்லோரோடும் மோதும் ரவுண்ட் ராபின். குறைந்தது இரண்டு வெவ்வேறு நாடுகளிலிருந்து நான்கு பேரை வரவழைத்தால் உங்கள் பிள்ளைகள் ஆறு பேர் ஆடலாம். கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு எதிராளிகளில் மூவராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். பாதிப் பேருக்காவது டைட்டில் (செஸ் பட்டம்) வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் குறையக் கூடாது. அழைப்பு அனுப்பும் முன்பே இதை ஓர் ஆர்பிட்டரிடம் (செஸ் நடுவர்) காட்டிவிடுங்கள். போட்டி முடிந்த பிறகு ஒரு டைட்டில் குறைகிறது என்று தெரிந்தால் அத்தனையும் வீண். ஆறு பேரையும் பெற்றோரோடு விமானம் ஏற்றி அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆர்மீனியா மாதிரி பள்ளியில் செஸ்ஸைப் பாடமாக்கினால் சாம்பியன்கள் தானாக வரமாட்டார்களா?

அங்கே கட்டாயப் பாடமானது 2011-ல். ஒலிம்பியாட் தங்கத்தை அவர்கள் 2006-லும் 2008-லுமே வென்றுவிட்டார்கள். பள்ளிப் பாடம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சாம்பியன்களை உருவாக்குவது வேறு வேலை.

எங்கள் நிறுவனம் ஒரு சிறுவனுக்கு ஸ்பான்சர் செய்ய நினைக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் பதக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பதக்கத்தை விடுங்கள். அந்த வயதில் சீக்கிரம் ஆரம்பித்தவர்தான் ஜெயிப்பார். தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே திரும்ப ஆடிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்காவது இருக்கட்டும். ரேட்டிங் இறங்கினால் பணம் நிற்கும் என்ற நிபந்தனை மட்டும் வேண்டவே வேண்டாம்; பையன் பயந்துபோய் டிரா டிராவாக ஆட ஆரம்பித்துவிடுவான்.

பையன் 2400 தாண்டிவிட்டான். படிப்பை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கிராண்ட்மாஸ்டர்களிலேயே பலர் பிழைப்பது பரிசுப் பணத்தில் அல்ல, பிறருக்குச் சொல்லிக் கொடுத்து. பள்ளியிடம் போட்டி நாட்களுக்கு விடுப்பும், தேர்வுத் தேதியில் சலுகையும் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில்.