தலைப்பிரசவமும் தெம்பும்

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் தலைப்பிரசவம். முன்னிரவில் தொடங்கிய வலி மறுநாள் மாலை வரை நீடித்து, இறுதியில் வெக்கியூம் என்ற உறிஞ்சு கருவியைத் தலையில் வைத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். முக்கத் தெம்பில்லாதவள் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். பிரசவ அறையில் சிங்களத்தில் சொன்னவை பாதி விளங்கவில்லை. காலைக் கடமைக்கு வந்த மருத்துவமாது தமிழில் பேசி, இடுப்பைத் தேய்த்துவிட்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது. தவறு என்னுடையதா?

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்குக் கருப்பை வாய் மெலிவதும் விரிவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். தலைப்பிரசவத்திலோ அது முதலில் மெலிந்து பிறகே விரிவதால், வலி கண்ட நேரத்திலிருந்து கணக்கிடுவோருக்குப் பிரசவம் முடிவற்றதாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல், கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் விரிந்த பின்னரே தீவிரக் கட்டம் தொடங்குவதாகக் கொள்கிறது. முதற்பிரசவத்தில் அக்கட்டம் 12 மணித்தியாலம் வரையும், அதன்பின் முக்கும் கட்டம் 3 மணித்தியாலம் வரையும் செல்லலாம் என்று கூறும் அது, அவற்றுக்கு முந்திய கட்டத்துக்குக் கால வரையறை எதுவும் விதிக்கவில்லை. குழந்தையின் பிடரி தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தாலும் நேரம் கூடும். வெக்கியூம் வைத்ததன் காரணம் வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டில் இருக்கக்கூடும். அதைக் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று விளக்கம் கேளுங்கள்.

அந்த மருத்துவமாது செய்ததை நீங்கள் கருணை என்று எண்ணியிருக்கலாம். நான் அதைச் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே சொல்வேன். அச்சம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்தக்கூடும். பிரசவம் முழுதும் ஒருவர் விலகாமல் துணையிருந்தால் பிரசவ நேரம் சற்றுக் குறைவதையும், சத்திரசிகிச்சையும் கருவிப் பிரசவமும் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியிருக்க, சொல்வது விளங்காத ஓர் அறையில் முதன்முறையாகப் பிள்ளை பெறும் பெண்ணிடம் தைரியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தமிழ் பேசும் மருத்துவமாது கிடைப்பதை அவளது அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவது நிர்வாகத்தின் குறை.

தோட்டத்து லய வீடுகளிலேயே பிள்ளை பெற்ற பாட்டிமாரின் தெம்பை வீட்டார் உதாரணம் காட்டுவார்கள். அவர்களைச் சுற்றி அவர்களுடைய மொழி பேசிய பெண்கள் இருந்ததையும், அந்தப் பிரசவங்களில் மாண்ட தாய்மாரையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த நாளின் நினைவு இன்னும் உறக்கத்தைக் கெடுக்குமானால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் கூறுங்கள். பிரசவத்துக்குப் பின் தாயின் மனநிலையைக் கவனிப்பதும் அவருடைய கடமையே. அடுத்த பிள்ளைக்குக் கிளினிக்கில் பதியும்போது, பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தத் துணை உங்களைத் தெம்பில்லாதவள் என்று சொன்னவராக இருக்க வேண்டியதில்லை.