அண்மையில் வந்த பேண்டஸி, சயின்ஸ் பிக்‌ஷன் படங்களிலும் தொடர்களிலும் உங்கள் மனதில் நின்ற நடிப்பு எது?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் யோசிக்கவே மாட்டேன். ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ முதல் சீசனில் அரசர் விசெரிஸாக நடித்த பேடி கான்சிடைன். அதிலும் எட்டாவது எபிசோடில் அவர் அரியணைக்கு நடந்து போகும் அந்த நடை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் மற்றதையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும். கதைகளின் முக்கியமான திருப்பங்களையும் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த வகைக் கதைகளில் நடிப்பை நான் எப்படி எடை போடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு யானை இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். பாகன் அதன் காலடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். யானை தும்பிக்கையை அவர் டம்ளர் பக்கம் நீட்டினால், திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையால் தள்ளிவிடுவார். அவர் எத்தனை வருஷமாக அந்த யானையோடு இருக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் புறங்கை சொல்லிவிடும். டிராகனும் விண்கலமும் இருக்கிற உலகத்தில் பிறந்து வளர்ந்தவர் அந்தப் பாகன் மாதிரி இருக்க வேண்டும். அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், கிராபிக்ஸுக்காகக் கட்டிய பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கிற நடிகர் என்று உடனே தெரிந்துவிடும்.

விசெரிஸ் அந்தக் கதையில் பெரிய வீரர் கிடையாது. குடும்பமே டிராகன் மேல் பறக்கும்போது அவருக்கென்று ஒரு டிராகன்கூட இல்லை. இளவயதில் ஏறிய பலேரியன் எப்போதோ செத்துப்போனது. சண்டை வேண்டாம், வீடு இரண்டுபடக் கூடாது என்று தவிக்கிற மனுஷர். முதல் எபிசோடிலேயே, வாள்களால் ஆன அரியணையின் முனை கீறி அவர் முதுகில் ஒரு புண்ணைக் காட்டுவார்கள். அப்புறம் எபிசோடுக்கு எபிசோடு உடம்பு அழுகிக்கொண்டே போகும். விரல் போகிறது, முடி போகிறது, கடைசியில் பாதி முகமே போகிறது. ஒருவிதத் தொழுநோய் என்று வைத்துக்கொண்டு நடித்ததாகக் கான்சிடைனே சொல்லியிருக்கிறார். அந்த சீசனில் கதை பல வருஷங்கள் தாவுகிறது. மகள் ரெய்னிராவுக்கும் ராணி அலிசென்ட்டுக்கும் நடுவில் நடிகைகளே மாறிவிடுகிறார்கள். அவர் மட்டும் அதே ஆள். எத்தனை வருஷம் ஓடியது என்பதை நாம் அவர் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

அந்த எட்டாவது எபிசோடு 2022 அக்டோபரில் வந்தது. இயக்கியவர் கீதா வசந்த் படேல். பேரனின் வாரிசு உரிமை சபையில் விவாதத்துக்கு வருகிறது. அரசர் படுத்த படுக்கை, எழுந்து வர மாட்டார் என்று எல்லோரும் நினைத்திருக்க, கதவு திறக்கிறது. முகத்தின் அழுகிய பாதியில் தங்கக் கவசம், கையில் தடி. சபை முழுக்க மௌனம். தடி தரையில் படும் சத்தமும் அவர் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும்தான் கேட்கிறது. தாங்கிப் பிடிக்க வந்த காவலனை வேண்டாம் என்கிறார். படியில் தடுமாறுகிறார், கிரீடம் விழுகிறது. பின்னாலிருந்து ஒரு கை வருகிறது. தட்டிவிடத் திரும்புகிறவர், அது தம்பி டேமன் என்று பார்த்ததும் அடங்கிப்போகிறார். தம்பி கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்து, கிரீடத்தை எடுத்துத் தலையில் வைக்கிறான். படப்பிடிப்பில் கிரீடம் தற்செயலாகத்தான் விழுந்தது. டேமனாக நடித்த மேட் ஸ்மித் அதை எடுத்துக்கொடுக்க, அதையே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது ஏன் இப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தங்கை கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தாரை வார்க்க மணமேடைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகலாம் என்று ஏற்பாடு செய்திருந்தோம். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மண்டபத்தின் முதல் வரிசையிலிருந்து மேடைக்கு முப்பது அடி இருக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் அரை அடி பின்னால், கைகளை அவர் இடுப்பருகே விரித்து வைத்துக்கொண்டு, தொடாமல் போனேன். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி, உதடு அசைய, எண்ணிக்கொண்டே போனார். நாதஸ்வரக்காரர் நிறுத்தாமல், அவர் நடைக்கு ஏற்றபடி வாசிப்பை மெதுவாக்கிக்கொண்டார்.

அதனால் சொல்கிறேன், கான்சிடைன் செய்ததில் பொய் இல்லை. நோயாளியாக நடிக்கிற பலரும் வலியை நடிப்பார்கள். நிஜத்தில் முடியாதவர்கள் வலியைக் காட்ட மாட்டார்கள், மறைக்கத்தான் பாடுபடுவார்கள். மொத்தப் பலமும் அடுத்த காலடிக்குப் போய்விடும், முகத்துக்கு மிச்சம் இருக்காது. அந்தக் காட்சியில் அதைத்தான் பார்த்தேன். அப்பா போன பிறகு ஒருநாள் அந்த எபிசோடை மறுபடி ஓடவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலமும் தெரியாது, கதையும் தெரியாது. அந்தக் கை வந்து கிரீடத்தை வைத்தபோது, “தம்பியாடா அது?” என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கையில் எடுத்த கீரைத்தண்டு கையிலேயே இருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2023 எம்மி விருதில் நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் கான்சிடைன் பெயர் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்து நம்ம ஊர். ‘மாநாடு’ படத்தில் எஸ்.ஜே.சூர்யா. 2021 நவம்பரில் வந்தபோது எல்லோரும் அந்த ‘ரிப்பீட்டு’ வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் பிடித்தது வேறு. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்பது எவ்வளவு பெரிய அதிசயம்! தனுஷ்கோடி என்கிற அந்த போலீஸ் அதிகாரி அதிசயப்படுவதற்கே நேரம் ஒதுக்குவதில்லை. அவருக்கு அது ஒரு வேலைத் தொல்லை. ஒப்பேற்றிக் கொடுத்த கோப்பை மேலதிகாரி திருப்பி அனுப்பினால் ஒரு அரசு ஊழியருக்கு வரும் சலிப்பு இருக்கிறதே, அந்தச் சலிப்போடுதான் ஒவ்வொரு முறையும் கண்விழிக்கிறார். டைம் லூப் என்றால் என்னவென்று படத்தில் விளக்கம் வருகிறதுதான், ஆனால் அவர் எரிச்சலைப் பார்த்தே தியேட்டரில் கடைசி வரிசைவரை புரிந்துவிட்டது. அந்தப் படம் ஓடியதில் பாதிப் பங்கு அந்த எரிச்சலுக்கு உண்டு என்பது என் எண்ணம்.

மலையாளத்தில் ‘பிரமயுகம்’. 2024இல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த படம். தப்பி ஓடிவந்த ஒரு பாணன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான், அங்கே கொடுமண் போற்றியாக மம்மூட்டி. பகடை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்கிறான் அவன். உன் நேரத்தை வை என்கிறார். அதை அவர் சொல்கிற விதத்தில் மிரட்டல் துளியும் கிடையாது, விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி சோறு போடுகிற குரல். அந்தக் கனிவுதான் முதுகைச் சில்லிட வைத்தது. எழுபதைத் தாண்டிய ஒரு நட்சத்திரம் இப்படியொரு வேடத்தை எடுத்து இப்படிச் செய்ததற்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. ரொம்பச் சரி.

‘டியூன்’ இரண்டாம் பாகத்தில் ஹாவியர் பார்டெம் என் பாகன் கணக்குக்கு நேர் எதிர். அவர் நடித்த ஸ்டில்கார் வாய் பிளந்துகொண்டேதான் இருக்கிறார், நாயகன் எதைச் செய்தாலும் தெய்வ அடையாளம் என்கிறார். முதலில் தியேட்டரே சிரித்தது. போகப்போக அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்தபோது சிரித்ததற்கே பயமாக இருந்தது. அங்கே பக்திதான் கதை, அதனால் வாய் பிளப்பது பொருந்துகிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ உலகத்தில் நடக்கும் ‘ஆண்டோர்’ தொடரில் எல்லோரும் ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டின் நீண்ட வசனத்தைச் சொல்வார்கள், அது அருமைதான். நான் ஆண்டி செர்கிஸைச் சொல்வேன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கோலம் (Gollum), ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ சீசர் என்று எத்தனையோ வருஷம் கம்ப்யூட்டர் வரைந்த முகங்களுக்குப் பின்னால் இருந்து நடித்தவர், இதில் சொந்த முகத்தோடு கைதிகளின் மேற்பார்வையாளர் கினோ லோயாக வருகிறார். விடுதலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். ஒரு மாடிக்கு எத்தனை காவலர்கள் என்று சக கைதியான நாயகன் ஆண்டோர் கேட்கும்போதெல்லாம் வாயை மூடு என்று அதட்டுகிறார். கடைசியில், யாரையும் விடுதலை செய்யப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, அதே கேள்விக்குத் தணிந்த குரலில் பதில் சொல்கிறார்: பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. அவ்வளவுதான் வசனம். ஒரு மனுஷன் கட்சி மாறியதை ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த எபிசோடில் எல்லோரையும் தப்பிக்க வைத்துவிட்டு, கடல் விளிம்பில் நின்றுகொண்டு தனக்கு நீச்சல் தெரியாது என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தன்மேல் இரக்கமே இல்லை.

கடைசியாக ‘செவரன்ஸ்’. லூமன் என்ற நிறுவனம் ஊழியர்களின் மூளையில் ஒரு சில்லை வைத்து நினைவை இரண்டாக வெட்டிவிடுகிறது. ஆபீசுக்குள் இருப்பவருக்கு வெளி வாழ்க்கை தெரியாது, வெளியே இருப்பவருக்கு ஆபீஸ் தெரியாது. உள்ளே ‘இன்னி’, வெளியே ‘அவுட்டி’. உடம்பு ஒன்று, ஆள் இரண்டு. மேக்கப் இல்லை, மாறுவேஷம் இல்லை. நம்ம படங்களில் இரட்டை வேடம் என்றால் ஒருவருக்கு மீசையோ கண்ணாடியோ கொடுத்துவிடுவார்கள். இங்கே ஊழியர்களில் ஒருத்தியாக நடிக்கும் பிரிட் லோவருக்கு அதுகூட இல்லை. இரண்டாம் சீசனில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். முதலாளி மகளான ஹெலெனா, தன் இன்னியான ஹெல்லி மாதிரி நடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். அதாவது லோவர், ஹெலெனாவாக நடிக்க வேண்டும். அந்த ஹெலெனா, ஹெல்லியாக நடிக்க வேண்டும். அதுவும் கொஞ்சம் மோசமாக நடிக்க வேண்டும், நமக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும். இதை எபிசோடு எபிசோடாக நூல் பிடித்த மாதிரி செய்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு காட்சி: ஹெல்லி உடன் வேலை செய்யும் மார்க்கை முத்தமிடும் கண்காணிப்பு வீடியோவை ஹெலெனா தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓடவிடுகிறாள். தன் முகத்தையே பார்த்துத் தானே பொறாமைப்படுகிறாள். லோவர் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை, கண் மட்டும் திரையை விட்டு நகர மறுக்கிறது.

2025 எம்மியில் லோவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மேலாளர் மில்ச்சிக்காக நடித்த டிராமல் டில்மனுக்குத் துணை நடிகர் விருது. நாடகத் தொடர் பிரிவில் அதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர் அவர்தான். பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுகிறாய் என்று மேலிடம் குறை சொன்ன பிறகு, மில்ச்சிக் கண்ணாடி முன்னால் நின்று தன் வாக்கியம் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சுருக்குவார், ஒற்றைச் சொல் மிஞ்சும்வரை. எங்கேயாவது தன் பேச்சுக்காகக் கேலி வாங்கியவர்கள் அந்தக் காட்சியை எளிதில் கடக்க முடியாது. நான் கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் என் ஊர்ப் பேச்சை விடுதி அறையில் இதே மாதிரி வெட்டியிருக்கிறேன்.

மார்க்காக வரும் ஆடம் ஸ்காட்டுக்கு விருது இல்லை. ஆனால் அந்த சீசனின் கடைசி எபிசோடில், இன்னி மார்க்கும் அவுட்டி மார்க்கும் ஒரு சின்ன வீடியோ கேமராவில் மாற்றி மாற்றிப் பேசிப் பதிவு செய்துகொள்கிறார்கள். அவுட்டி கெஞ்சுகிறார், என் மனைவியைக் காப்பாற்ற உதவு, உனக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும் என்கிறார். நல்லவர்தான், உண்மையாகத்தான் சொல்கிறார். இன்னியும் நம்பத் தொடங்குகிறார். அப்போது அவுட்டி, இன்னி காதலிக்கும் ஹெல்லியின் பெயரைச் சொல்லப்போய் ‘ஹெலெனி’ என்று தப்பாகச் சொல்லிவிடுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இன்னியின் முகத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சிரிப்பின் மிச்சம் உதட்டில் அப்படியே இருக்கிறது. கண் மட்டும் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்கிறது.