மழைப் பயணத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: நானும் என் நெடுநாள் நண்பரும் விடுமுறை நாட்களில் ஆளுக்கொரு பைக்கில் தொலைதூரம் சென்று வருவது வழக்கம். சென்ற மாதம் பாதி வழியில் கனமழை பிடித்துக்கொண்டது. எங்காவது ஒதுங்கி நிற்கலாம் என்றேன். "இன்னும் நாற்பது நிமிடம்தான், போய்விடலாம்" என்றார் அவர். மறுத்துப் பேச மனமில்லாமல் பின்தொடர்ந்தேன். ஒரு வளைவில் என் வண்டியின் பின்சக்கரம் சறுக்கியது; விழாமல் தப்பினேன். அது அவருக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த பயணத்துக்கு இப்போதே நாள் குறித்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வாங்காமல் அவரிடம் இதை எப்படிப் பேசுவது?

பதில்: முதலில், சறுக்கியதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அது அவருக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கச் செய்தது. முன்னால் செல்பவருக்கு, பின்னால் வரும் நண்பர் என்பவர் பக்கக் கண்ணாடியில் தெரியும் ஒரு விளக்கு வெளிச்சம் மட்டுமே. மழைத்துளி படிந்த கண்ணாடியில் அதுவும் மங்கலாகத்தான் தெரியும். அந்த வெளிச்சம் தொடர்ந்து வந்ததால், எல்லாம் நலமாகவே இருக்கிறது என்று அவர் நம்பியிருப்பார். அவர் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்று எண்ண வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது தெரியவில்லை, அவ்வளவே.

அன்று நீங்கள் நிற்கலாம் என்று சொன்னதும் சரியே. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் கழியும் ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமோ, காய்ந்த சாலையைவிட ஈரச் சாலையில் வெகுவாக நீளும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழவழப்பாகும்போது, நிலைமை இன்னும் மோசம். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளும், பாலங்களின் இரும்பு இணைப்புகளும் நனைந்தால் சோப்புத் தடவியதுபோல் ஆகிவிடும். டயருக்குச் சாலையின் மீது உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. வளைவில் வண்டி சாயும்போது அதன் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடுவதால், அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினாலோ, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திருகினாலோ, ஒரு கோட்டின் மீது சக்கரம் ஏறினாலோ மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்விடும். உங்கள் வண்டிக்கும் அன்று இவற்றுள் ஒன்று நேர்ந்திருக்கலாம். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 60-லிருந்து 40-க்கு இறங்கினால் அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இருபது கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுப்பதற்கு இது பெரிய பலன்.

குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அதை வெறும் அசௌகரியமாகவே எண்ணுகிறார்கள். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், வெறும் தோலுக்கு அது 5 டிகிரிபோல் உறைக்கும். உடை நனைந்திருந்தால் உடல் அதைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். முதலில் விரல்கள் விறைத்து, பிரேக் பிடியை அழுத்தும் வேகம் குறையும். குளிர் மேலும் மிகுந்தால் பேச்சு குழறும், தீர்மானிக்கும் திறன் மழுங்கும். இதில் கொடுமை என்னவென்றால், மழுங்கிவிட்டது என்பது குளிரில் விறைத்தவருக்கே தெரியாது. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போகலாம்" என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொல்வார். கூட வரும் நண்பரின் கண்ணுக்குத்தான் அது தெரியும். மழைக்காலத்தில் இருவராகச் செல்வதன் முதன்மையான பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, அடுத்த பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில், காய்ந்த உடையில் நிதானமாக உட்கார்ந்து அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நம்மில் யார் நிற்கலாம் என்று சொன்னாலும் காரணம் கேட்காமல் இருவரும் நிற்க வேண்டும். கொட்டும் மழையில் சாலையோரத்தில் நின்று இதைப் பேசினால் வாக்குவாதமாகத்தான் முடியும். அங்கே துணிச்சலாகப் பேசுபவரே வெல்வார், அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அச்சப்படுபவருக்கு ஏதோ ஒன்று தென்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. இதே ஏற்பாடு நாளை அவருக்கும் உதவும் என்பதையும் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் உங்களோடு பயணித்தவர் இதைக் கோழைத்தனமாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.

அதோடு, பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் செல்பவர் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதையும், ஈரச் சாலையில் இரு வண்டிகளுக்கும் இடையே குறைந்தது நான்கு விநாடி இடைவெளி வேண்டும் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒதுங்கும்போது சாலையின் விளிம்பில் நிற்காமல், சாலையை விட்டு முற்றிலும் விலகி நில்லுங்கள்.

கேள்வி: நான் எப்போதும் நண்பரின் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவள். மழையில் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: நிறைய உண்டு. ஓட்டுபவரை ஒட்டி அமருங்கள். வளைவில் அவர் சாயும் அளவுக்கே நீங்களும் சாயுங்கள், பயந்து எதிர்ப்பக்கம் உடலை இழுக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது உங்கள் எடை அவர் முதுகில் மோதாதபடி பக்கவாட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டின் தொங்கும் ஓரத்தையும் துப்பட்டாவையும் நன்றாகச் செருகி, அவை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் அமர்ந்து குடை விரிப்பதை மட்டும் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். காற்று குடையைப் பிடித்து இழுத்தால் நீங்கள் பின்பக்கமாக விழுவீர்கள். ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் செய்யுங்கள்: இருவர் ஏறும்போது டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: டயர் ரப்பரால் ஆனது என்பதால் பைக்கில் செல்பவரை மின்னல் தாக்காது என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: இல்லை. பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்துக்கொண்டு வரும் மின்னலுக்குச் சில சென்டிமீட்டர் ரப்பர் ஒரு தடையே அல்ல. காருக்குள் இருப்பவரைக் காப்பதும் டயர் அல்ல, சுற்றிலும் உள்ள உலோக உடல். பைக்கில் அது கிடையாது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. உடனே ஒரு கட்டடத்துக்குள் செல்லுங்கள், தனித்து நிற்கும் மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வண்டியை எடுங்கள்.