‘அழுத வீடு’ வாசிக்கத் தெரிந்த பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

போன வாரம் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிளஸ் டூவில் 521 மதிப்பெண். உட்கார்ந்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எந்நேரமும் கவிதைப் புஸ்தகம்தான் சார். ஞாயித்துக்கிழமை ஆனா அடுத்த தெருவுல ரிட்டயர்டு தமிழ்ப் பேராசிரியர் வீட்டுக்குப் போயிடுவா. அவரும் கவிதை எழுதுறவர், இவளும் எழுதுறா. ஒரே கவிதைய வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசுறாங்க. இது சோறு போடுமா?”

மதிப்பெண் நன்றாகத்தானே வந்திருக்கிறது, பதறாதீர்கள் என்று சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அப்பா ஒரு தாளை எடுத்து நீட்டினார். தனியார் பொறியியல் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீடு, செயற்கை நுண்ணறிவுப் பாடப்பிரிவு. விடுதியும் சேர்த்து நான்கு வருடத்துக்கு 11 லட்சம் ஆகும் என்று பெண்ணின் சித்தப்பா எழுதிக் கொடுத்த கணக்கு அது. ஊர் எல்லையில் இருக்கும் நிலத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்றார்.

அதைப் பார்த்ததும் சமாதானப் பேச்சை விட்டுவிட்டேன். நிலத்தை விற்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன். கணக்கில் 100க்கு 61 எடுத்த பெண், கணக்குப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் பெண். நிலத்தை விற்று அவளைக் கணக்கையே நம்பியிருக்கும் படிப்பில் உட்கார வைத்தால், இரண்டாம் வருடம் அரியர், நான்காம் வருடம் வீட்டில் சண்டை. சித்தப்பாவுக்கு அண்ணன் மகள் மேல் அக்கறை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஃபீஸ் கட்டப்போவதும் அவர் இல்லை, பரீட்சை எழுதப்போவதும் அவர் இல்லை.

பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினீர்கள் என்று அவளிடம் கேட்டேன். பேராசிரியர் எழுதிய ஒன்பது வரிக் கவிதை ஒன்று. அதில் ‘அழுத வீடு’ என்று வருகிறது. “வீடே அழுததா, இல்லை யாரோ வீட்டுக்குள் அழுதார்களா? பெயரெச்சத்தில் யார் என்று தெரியாது சார். நான் அழுத வீடு, அம்மா அழுத வீடு, எதுவாகவும் இருக்கலாம். அவர் அம்மாவை நினைத்து எழுதினாராம். வீடுதான் அழுகிறது என்று நான் சொன்னேன், ஏனென்றால் அடுத்த வரியில் சுவர் ஈரமாக இருக்கிறது. எழுதும்போது இதை நான் கவனிக்கவில்லையே என்றார்.” கவிதை எழுதியவருக்கே தெரியாத ஒன்றை அந்தக் கவிதையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள். வயது பதினேழு.

இந்த வரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் யோசித்தாள். “ஆங்கிலத்தில் யார் அழுதது என்று சொல்லியே ஆகணும் போல. அப்படிச் சொன்னா கவிதை போயிடுமே” என்றாள். இலக்கிய மொழிபெயர்ப்பில் பல வருடம் இருப்பவர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். இவள் அதைத் தானாகவே தொட்டுவிட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் ஏ.கே. ராமானுஜனை நினைத்துக்கொண்டேன். மைசூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப்போன இடத்தில், உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு கையில் கிடைத்தது. ஆங்கில இலக்கியமும் மொழியியலும் படித்தவர், தானே கவிஞர். சங்கக் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் தந்ததற்கு இந்த மூன்றும் வேண்டியிருந்தன. 2025இல் சர்வதேச புக்கர் பரிசு கன்னடத்துக்கு வந்தது. பானு முஷ்தாக் எழுதியதை ஆங்கிலத்தில் தந்தவர் தீபா பாஸ்தி. பரிசுப் பணம் 50,000 பவுண்டு, அதில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு. பெற்றோரை மறுபடி உள்ளே அழைத்து இதையெல்லாம் சொன்னேன். உங்கள் மகளுக்கும் பரிசு வரும் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதே உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையே, அதற்காகச் சொல்கிறேன்.

என் யோசனை, அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். தமிழில் இவ்வளவு ஆர்வமுள்ள பெண்ணுக்கு ஏன் ஆங்கிலம் என்று அம்மா கேட்டார்கள். தமிழுக்கு அவளிடம் ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார், அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஈடான வகுப்பு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. அவளிடம் இல்லாதது ஆங்கிலம். தமிழ்வழியில் படித்ததால் இப்போது பேசத் தயங்குகிறாள், மூன்று வருடம் அதற்குப் போதும். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருப்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எம்.ஏ.வுக்கு வெளியே அனுப்பத் தயாராக இருங்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் என்றே ஒரு மையம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. அப்புறம் நெட் தேர்வு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் ஆன தகுதித் தேர்வு. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். முதல் தாளில் கணக்கும் தர்க்கமும் கொஞ்சம் வரும், அதற்கு மட்டும் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிப்பதற்குச் சம்பளம் மாதிரி வரும் பணம் இது.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். உதவிப் பேராசிரியர் நிரந்தரப் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அந்த இடங்கள் வருடா வருடம் நிரப்பப்படுவதில்லை, கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களை ஓட்டுகிறவர்களை நான் அறிவேன். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவதும் கடினம். அதனால் எம்.ஏ. முடித்ததும் பி.எட்.டையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பள்ளி ஆசிரியர் வேலையும் நல்ல வேலைதான், மாலையில் கவிதைக்கு நேரம் இருக்கும்.

அப்பா கடைசியாக ஒன்று கேட்டார்: ஒரு வருடம் பொறியியலில் போட்டுப் பார்ப்போமா, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே? வேண்டாம். நடுவில் விட்டால் முதல் வருடம் கட்டிய லட்சங்கள் திரும்பாது, அவளுக்கும் ஒரு வருடம் போய்விடும்.

நிலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன், என் எண்ணைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒன்பது வரியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வாருங்கள்.